உடைசல் கணக்கும் என் வண்டியின் சாக்கப்சரும்

எனக்குத் தொழில் முட்டை. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் வீடு. பண்ணையிலிருந்து எடுத்து டீக்கடை, மெஸ், பேக்கரி, பரோட்டாக் கடை என்று பைக்கிலேயே கொண்டுபோய்ப் போடுகிறேன். 2014-இல் வாங்கிய 125 சிசி வண்டி. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. ஓடின ஓட்டத்துக்கு அது என்ன செய்யும் பாவம், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டவன் நான். மீட்டரில் இப்போது 38,000 சொச்சம் காட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, குறைவாத்தான் ஓடியிருக்கு" என்பார்கள். அது 99,999 வரை போய், சுழியத்துக்குத் திரும்பி வந்த 38,000.

ஒரு அட்டைக்கு 30 முட்டை. ஏழு அட்டை அடுக்கினால் ஒரு பெட்டி, 210. கேரியரில் இரண்டு பெட்டி, ஆக 420. கடைக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இந்த எண்ணை வைத்து என்னைக் கேலி செய்திருப்பார்கள். மோசடிக்கான சட்டப் பிரிவு எண் 2024-இலேயே மாறிவிட்டது, கேலி மாறவில்லை. எடை என்று பார்த்தால் பெட்டியோடு சேர்த்து 25 கிலோவுக்குள்தான். ஆனால் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் ஓட்டை நம்பி ஓடுகிற 25 கிலோ.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. தேதி, எடுத்தது, போட்டது, வசூல், கடைசியில் உடைசல். கீறல் விழுந்ததும் உடைசல் கணக்கில்தான் வரும். இரண்டு முட்டையை மெல்லத் தட்டினால் நல்லது கணீரென்று கேட்கும், கீறினது சட்டிச் சத்தம் போடும். உடைசலை எல்லாம் தனி அட்டையில் சேர்த்து, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆம்லெட் போடும் ஒரு தள்ளுவண்டிக்காரருக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவேன். அவருக்கும் லாபம், எனக்கும் முழுசாகப் போகாது.

2024 ஆடியில் நோட்டு சொல்வது: 2, 3, 1, 3, 2. நல்ல நாள்கள். கார்த்திகையில் 5, 6, 4. தையில் 8, 7, 9. பங்குனியில் 14. சித்திரையில் ஒரு வியாழக்கிழமை 22. இப்படி வரிசையாக எழுதினால் பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனால் தினமும் ஒரு வரியாக எழுதினவனுக்குப் புரியவில்லை. நேற்று ஏழு, இன்றைக்கு எட்டு, ஒரு முட்டைதானே என்று நோட்டை மூடிவிடுவேன்.

முதலில் பழி கோழி மேல் விழுந்தது. வெயில் காலத்தில் கோழி தீனி எடுக்காது. வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டே இருக்கும். அப்படி இரைக்கும்போது இரத்தத்தில் ஓட்டுக்கு வேண்டிய சத்து குறைந்துபோய், முட்டை ஓடு மெலிந்துவிடும். இது பண்ணைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அதனால் என் சந்தேகமும் சரியாகத்தான் பட்டது. பண்ணையில் போய்ச் சண்டை போட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஏனுங்க, இதே முட்டையை எடுத்துட்டு டெம்போ கேரளாவுக்கே போகுதுங்க, அங்க உடையலீங்களே" என்றார். மார்கழிக் குளிரிலும் உடைந்ததே, அதற்குக் கோழி என்ன செய்யும் என்று நோட்டைப் புரட்டியிருந்தால் நானே கேட்டிருப்பேன். புரட்டவில்லை.

அடுத்து டயர். முன் டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது, உள்ளங்கையால் தடவினால் அலை அலையாகத் தெரியும். டயர் கோளாறு என்று 1,900 ரூபாய்க்குப் புது டயர். ஒரு மாதம் நன்றாக இருந்தது போல இருந்தது. பிரேக் பிடிக்கும்போது முன்னால் டக் டக் என்றது, ஹேண்டில் திரும்புகிற இடத்துப் பேரிங், அதாவது கோன் செட், போயிருக்கும் என்று ஒரு கடையில் சொன்னார்கள், மாற்றினேன், 650. டக் டக் போகவில்லை. அப்புறம் பின் டயரில் காற்றைக் குறைத்து ஓட்டிப் பார்த்தேன். குழியில் மெத்தென்று இருந்தது, வளைவில் மண்புழு மாதிரி நெளிந்தது. பெட்டிக்கு அடியில் பஞ்சு மெத்தைத் துண்டு வைத்தேன். பெட்டி அதன் மேல் தனியாக ஆட ஆரம்பித்தது.

இதற்கு நடுவில் என் உடம்பு. காலையில் எழுந்தால் இடுப்பு பிடிக்கும். வலது கை விரல் மரத்துப்போகும். நாற்பத்தேழு வயதாகிவிட்டது, சரி, வரவேண்டியதுதானே என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். வீட்டம்மா ஒரு வருஷமாகவே என் வண்டியில் ஏறுவதில்லை. "உங்க வண்டியில உக்காந்தா குடலே வாய்க்கு வருதுங்க, நான் பஸ்ஸுல வந்துக்கறேன்" என்பாள். கல்யாணம் காட்சி என்றால் பட்டுச்சேலை கசங்கிவிடும் என்று சாக்குச் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தேன். இருபத்திரண்டு முட்டையும் ஒரு மனுஷியும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேர் பேச்சையும் நான் கேட்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகுதான் பின்பக்கம் பார்த்தேன். இடது பக்கச் சாக்கப்சர் உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்து, அதன் மேல் புழுதி அப்பி, கழுவாத தோசைக்கல் மாதிரி இருந்தது. ஒரு கடையில் ரீகண்டிஷன் செய்து தருவதாகச் சொன்னார்கள். சின்ன வண்டிகளின் பின் சாக்கப்சர் பெரும்பாலும் சீல் வைத்துத்தான் வரும், திறந்து வேலை பார்க்கிற மாதிரி செய்திருக்க மாட்டார்கள். அதை அறுத்து, உள்ளே எண்ணெய் ஊற்றி, திரும்ப வெல்டு வைத்துக் கொடுத்தார்கள். 700 ரூபாய். சரியாக ஏழு வாரம். எட்டாவது வாரம் பழையபடி தோசைக்கல்.

அடுத்து செய்ததுதான் முட்டாள்தனத்தின் உச்சம். பின் சாக்கப்சரின் கீழே ஸ்பிரிங்குக்கு அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டு வைத்த ஒரு வளையம் இருக்கும், ஐந்து படி. வளைந்த ஸ்பேனரை மாட்டித் திருப்பினால் ஏறும். தளர்ந்துபோனதை இறுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று இரண்டாவதில் இருந்ததை ஐந்தாவதுக்கு ஏற்றினேன். அந்த வளையம் ஸ்பிரிங்கை விறைப்பாக்குகிற சமாசாரமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். உட்கார்ந்தவுடன் எவ்வளவு அமுங்கி நிற்க வேண்டும் என்பதைத்தான் அது மாற்றும். ஆள் ஏறினாலோ பாரம் ஏறினாலோ வண்டி பின்னால் தொங்கிப் போகாமல் இருக்க ஏற்பாடு. முட்டையை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் சீட்டு என்னைத் தூக்கிப் போட்டது. அந்த வாரம் உடைசல் குறையவில்லை, இடம் மாறியது. அதுவரை பெரும்பாலும் அடி அட்டையில் நசுங்கும். இப்போது மேல் அட்டையில் கீறல். ஏன் என்று அன்றைக்கு விளங்கவில்லை.

வேகத்தடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு ஒன்று இருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்குகிற மாதிரி மெல்லிய வளைவு. எங்கள் பக்கம் ஊருக்குள் இருப்பதெல்லாம் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக மீதித் தாரைக் கொட்டிக் குவித்த வரப்பு. நடை வேகத்தில் ஏறினாலே அடி தட்டும். அளவு எழுதினவர் ஒருநாள் என்னோடு 420 முட்டையை ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

வியாழக்கிழமைதான் கொல்லிமலை முறை. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வண்டி மெதுவாகப் போகும், ஒன்றும் தெரியாது. வைகாசிக் கடைசியில் ஒருநாள் மேலே முட்டையைப் போட்டுவிட்டு வெறும் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளில் ஏதோ ஒரு வளைவு, எண் நினைவில்லை. முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டியின் மூக்கு தரையைப் பார்த்து அப்படியே குத்தியது, உள்ளே இரும்போடு இரும்பு மோதுகிற டங் சத்தம். அடுத்த நொடி முன் சக்கரம் சாலையைத் தொட்டும் தொடாமலும் துள்ளியது. பிரேக் பிடித்தபடியே இருக்கிறேன், வண்டி நிற்கவில்லை. சக்கரம் தரையில் இருந்தால்தானே பிரேக் பிடிக்கும்? மேலே ஏறி வந்த பஸ்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை. நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு முழம் மிச்சம். அவருக்கு எப்போதும் என் கும்பிடு.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, முன் சக்கரத்தை இரு பக்கமும் தாங்குகிற ஃபோர்க்கைப் பார்த்தேன். முன்பக்கத்துச் சாக்கப்சர் அதுதான். இடது பைப்பில் ஈரமாக ஒரு வளையம். விரலால் தொட்டால் எண்ணெய். ஃபோர்க்கின் அடிக்கால் முழுக்க வழிந்து காய்ந்து கறுத்திருந்தது. டிஸ்க் அந்தப் பக்கம் இல்லாமல் அடுத்த பக்கம் இருந்தது என் நல்ல நேரம். பிரேக் கட்டையில் எண்ணெய் இறங்கியிருந்தால் இரண்டு முழம் போதாது. தினமும் காலையில் அந்தப் பைப்புக்கு ஒரு அடி தள்ளித்தான் குனிந்து பெட்டி கட்டுகிறேன். எத்தனை மாதமாக வழிந்ததோ.

மறுநாள் மெக்கானிக் பாய் கடைக்குப் போனேன். சேந்தமங்கலம் போகும் வழியில் தகரக் கொட்டகை. போர்டு கிடையாது, வாசலில் எப்போதும் நான்கு வண்டி அவிழ்த்துக் கிடக்கும், அதுதான் போர்டு. அறுபது வயது தாண்டியவர். நான் கோழியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாதிதான் கேட்டார். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் மேல் மொத்த எடையையும் கொடுத்து அமுக்கிவிட்டு விட்டார். வண்டி எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது, தாழ்ந்தது. பூம்பூம் மாடு தலையாட்டுகிற மாதிரி.

"நல்ல ஃபோர்க் ஒருவாட்டி எந்திரிச்சா நின்னுக்கும்ங்க. இது உங்களுக்கு ஆமா ஆமாங்குது" என்றார்.

பின்னால் போய் சீட்டை அமுக்கினார். அங்கேயும் அதேதான். சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். லொடலொட. அது ஸ்விங் ஆர்ம் புஷ், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் மூட்டில் இருக்கிற உருளை. அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பினார். திரும்ப மறுத்தது. "கோன் செட்டை எவனோ கோவம் வந்தவனாட்ட இறுக்கியிருக்கான். மெதுவாப் போறப்ப வண்டி அலம்பியிருக்குமே?" அலம்பியது. அதையும் வயது என்று நினைத்திருந்தேன்.

ஸ்பிரிங் இருக்கிறது, அது உடையவில்லை, பிறகு என்னதான் கோளாறு என்று கேட்டேன். வீட்டில் தூளி கட்டியிருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். கட்டாமலா? என் மகள் தூங்கியது உத்தரத்தில் மாட்டிய தொட்டில் ஸ்பிரிங்கில்தான். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய் உலையைப் பார்த்துவிட்டு வருவாள், தூளி அதுவரை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். "அதுல எண்ணெ இல்லீங்க, அதனால ஆடுது. குழந்தைக்கு ஆட்டம் வேணும். வண்டிக்கு வேண்டாம்" என்றார் பாய்.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. இவ்வளவு நாளும் சாக்கப்சர் என்றால் அதிர்வை வாங்குகிற ஸ்பிரிங் என்றே நினைத்திருந்தேன். குழியை வாங்குவது ஸ்பிரிங்தான். ஆனால் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காமல் விடாது ஸ்பிரிங். அந்தக் கடனை எண்ணெய்தான் அடைக்கிறது. உள்ளே ஓட்டை போட்ட ஒரு தண்டு. ஃபோர்க் அமுங்கி எழும்போதெல்லாம் எண்ணெய் அந்தச் சின்ன ஓட்டை வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும். அந்த நெருக்கடியில் ஆட்டத்தின் வேகம் சூடாக மாறிக் கரைந்துபோகும். எண்ணெய் இல்லையென்றால் ஓட்டை வழியே காற்றுதான் போகும், காற்றுக்கு என்ன நெருக்கடி? மேல் அட்டையில் ஏன் கீறியது என்பதும் அப்போது விளங்கியது. படியை ஏற்றி வைத்த ஸ்பிரிங், பிடித்து நிறுத்த ஆளில்லாமல் பெட்டியை மேலே வீசியிருக்கிறது. முட்டை அட்டையை விட்டு ஒரு நூல் அளவு எழும்பித் திரும்ப விழுந்திருக்கிறது. அடி அட்டைக்கு மேலே ஆறு அட்டைப் பாரம் இருக்கிறது, எழும்ப முடியாது. மேல் அட்டைக்கு யார் இருக்கிறார்கள்?

அன்றைக்கு முட்டை போடுகிற வேலையை மச்சானிடம் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்றினார். ஃபோர்க்கை அதைப் பிடித்திருக்கும் 'டீ' என்ற இரும்புப் பிடியிலிருந்து உருவுவதற்கு முன்பே மேல் மூடியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். வெளியே எடுத்த பிறகு கழற்றலாம் என்றால் பிடிக்க இடம் இருக்காதாம். அடியில் ஒரு எல்கீ போல்ட் இருக்கும், அது உள்தண்டோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும் வகை. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இதைக் கழற்றப் போனவன் சாயங்காலம் வரை சுற்றவேண்டியதுதான். ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே ஃபோர்க்கை அமுக்கிப் பிடித்தால் தண்டு நகராமல் நிற்கும், ஒரு தட்டில் விட்டுவிடும். மூடியைக் கடைசிப் புரி வரும்போது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திறந்தார். பையன் ஒருவன் முன்பு முகத்துக்கு நேரே வைத்துத் திறந்து பல்லில் வாங்கிக்கொண்டானாம்.

எண்ணெயைக் கவிழ்த்தார். அளக்க அவரிடம் இருந்தது ஒரு குவார்ட்டர் பாட்டில். ஐந்து வேளை தொழுகிற மனுஷன், அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டு நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "180 மில்லிங்க. இதைவிட சரியான அளவு எந்தக் கடையில கிடைக்கும்? குப்பையில பொறுக்குனது" என்றார். அதில் நெயில் பாலிஷால் கோடு. என் வண்டிக்கு ஃபோர்க்கின் ஒரு காலுக்கு 170 மில்லி. இன்னொரு வண்டிக்கு அதற்குச் சற்று உயரே வேறு நிறத்தில் ஒரு கோடு. வலது கால் எண்ணெய் பாதிக்கு மேல் வந்தது. இடது கால், பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிறம் சாக்கடை. நாற்றம், காய்ந்த மீனை மழையில் நனையவிட்டது மாதிரி.

"எப்பங்க கடைசியா மாத்துனது?"

என்ஜின் ஆயிலை 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிறவன் நான். மழை வந்தால்கூடத் தள்ளிப்போட மாட்டேன். ஃபோர்க்குக்குள் எண்ணெய் இருக்கிறது என்பது தெரியும், அதை மாற்ற வேண்டும் என்று தோன்றியதே இல்லை. 1,38,000 கிலோமீட்டர். பதினோரு வருஷம். கம்பெனியில் ஊற்றிய எண்ணெய். பாய் ஒன்றும் சொல்லவில்லை, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பக்கத்தில் வேலை செய்த பையனுக்குக் காட்டினார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

எண்ணெயை வெளியே விடாமல் பிடிக்கிற ரப்பர் சீல் ஏன் போனது என்பதற்குப் பைப்பே சாட்சி. குரோம் பூச்சில் மிளகு அளவுக்கு ஐந்தாறு துருப் பொத்தல், நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. ஒவ்வொரு குழிக்கும் அந்தப் பொத்தல் ரப்பர் சீல் மேல் அரம் மாதிரி ஏறி இறங்கியிருக்கிறது. சீலை மட்டும் மாற்றியிருந்தால் மூன்று மாதத்தில் புதுச் சீலையும் தின்றிருக்கும். வலது பைப்பில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் சீல் வரை இறங்காத உயரத்தில். அதை நைசான உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டு, கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்த்தார். வளைவு இல்லை, தங்கிவிட்டது. இடது பைப் புதிது. லேத்தில் கொடுத்துக் குரோம் ஏற்றலாமே என்று கேட்டேன். இந்தச் சின்னப் பைப்புக்கு அந்தச் செலவும் காத்திருப்பும் புது விலையைத் தொட்டுவிடும் என்றார்.

இன்னொன்றும் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. என்ஜின் ஆயிலை ஊற்றினால் கெட்டியாக நிற்கும் என்று சிலர் சொல்கிறார்களே? அவர் கையில் இருந்த சீலைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். கொல்லிமலையில் விடியற்காலைக் குளிருக்கு அது கல்லாக நிற்கும், குழி நேராகத் தோளுக்கு வரும், ஃபோர்க்கில் அடிபட்டு நுரைத்துப்போனால் அப்புறம் அதுவும் காற்று மாதிரிதான். ஃபோர்க் ஆயில் என்று தனியாக விற்கிறதை வாங்கி வாருங்கள், எண்ணெயில் கஞ்சத்தனம் பார்த்துத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். வாங்கி வந்தேன்.

புதுச் சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, அளவான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். எண்ணெய் ஊற்றியதும் உடனே மூடவில்லை. பைப்பைப் பத்துப் பதினைந்து தடவை மெல்ல ஏற்றி இறக்கினார். முதலில் களக் களக் என்று குமிழி விட்டது, அப்புறம் சத்தம் அடங்கி, கை எதிர்ப்பை உணர ஆரம்பித்தது. என்னிடம் கொடுத்து அமுக்கச் சொன்னார். நெய்க்குள் கரண்டியை இறக்குவது போல நிதானமாகப் போனது. விட்டதும் அதே நிதானத்தில் எழுந்து நின்றது, ஆடவில்லை. அந்த நிதானத்தை என் வண்டியில் நான் உணர்ந்து எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்தேன். புது வண்டி வாங்கிய முதல் வருஷம் இருந்திருக்கும். போனது எந்த நாள் என்று சொல்லவே முடியாது. ஒரே நாளில் போயிருந்தால் அலறியடித்து ஓடியிருப்பேன். ஒரு நாளைக்கு ஒரு துளியாகப் போனதால், அந்தத் துளிக்குத் தகுந்த மாதிரி உடம்பு பிரேக்கை முன்கூட்டியே பிடிக்கவும், குழிக்கு முன்னால் சீட்டிலிருந்து எழும்பவும், வளைவில் தோளை இறுக்கவும் பழகிக்கொண்டது. ரிப்பேரை நானே உடம்பில் செய்துகொண்டிருக்கிறேன்.

பின்னால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். கடையில் பக்கத்தில் சின்ன டப்பா ஒட்டிய நைட்ரஜன் கேஸ் சாக்கப்சர் தங்க நிறத்தில் கண்ணைப் பறித்தது. நியாயமான பொருள்தான், வாயு அழுத்தம் இருந்தால் உள்ளே எண்ணெய் எளிதில் நுரைக்காது. ஆனால் என் வண்டிக்கு அளந்து செய்ததல்ல அது. கண்களைச் சிரமப்பட்டுத் திருப்பிக்கொண்டு கம்பெனி ஒரிஜினல் ஜோடியே வாங்கினேன். படி இரண்டில் வைத்தார் பாய். கோன் செட்டைத் தளர்த்தி, ஹேண்டில் தானாகவே இரு பக்கமும் சாய்கிற அளவுக்கு விட்டார்.

இடது பைப் 1,050. சீல் வகையறா 380. எண்ணெய் 220. பின் ஜோடி 2,350. புஷ் 260. கூலி 900. மொத்தம் 5,160 ரூபாய். ராத்திரி நோட்டை வைத்துக்கொண்டு, அதற்கு முன் தப்பாகச் செலவழித்ததைக் கூட்டினேன். டயர், கோன் செட், வெல்டு வைத்த ரீகண்டிஷன், மூன்றும் 3,250. தைலம் தனி. அதோடு தைக்குப் பிறகு போன உடைசல், முட்டை 5 ரூபாய் என்று வைத்துப் போட ஆரம்பித்து, பாதியிலேயே பேனாவை மூடிவிட்டேன்.

முதல் நாள் வண்டி எனக்கு அந்நியமாக இருந்தது. வேகத்தடை வரும்போது பழக்கத்தில் எழும்பினேன், வண்டி தூக்கவில்லை, நான் மட்டும் அந்தரத்தில் தனியாக எழும்பி உட்கார்ந்தேன், பள்ளிக்கூடப் பையன்கள் சிரித்தார்கள். பிரேக் பிடித்தால் மூக்கு கொஞ்சம் தாழ்ந்து அங்கேயே நின்றது. 420-இல் உடைசல் 4. மறுநாள் 2. இடுப்பு வலி முழுசாகப் போகவில்லை, பாதி வலி வயதினுடையதுதான் போலிருக்கிறது. விரல் மரத்துப்போவது நின்றுவிட்டது.

ஆடி 17, 18-இல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. மலைமேல் கடைகளுக்கு அந்த இரண்டு நாளும் முட்டை போதாது. நான்கு நடை அடித்தேன். ஒவ்வொரு நடைக்கும் அடிவாரத்தில் நிறுத்தி, துணியால் இரண்டு பைப்பையும் துடைத்துவிட்டு ஹேண்டிலை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. சேறு காய்ந்து பைப்பில் ஒட்டினால் அதுவே சீலை அறுக்கும், துடைக்க அரை நிமிஷம். நான்கு நடையில் 1,680 முட்டை, உடைசல் 9. இரண்டாம் நாள் வீட்டம்மா பின்னால் உட்கார்ந்து விழா பார்க்க வந்தாள். 70 வளைவும் ஏறி, சோளக்காட்டில் இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "இதை ஒரு வருஷத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்கலாமில்லீங்க?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பஸ் சார்ஜ் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு என்று அவள் கணக்குப் போடவில்லை, அதுவரை என் பாக்கியம்.

விழா முடிந்து போன வாரம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். ஆம்லெட்காரர் என் கையில் இருந்த உடைசல் அட்டையை எட்டிப் பார்த்தார். ஒரு வாரத்துக்குச் சேர்த்தே பதினொன்று. முகம் வாடிவிட்டது.

"என்னங்ணா, வண்டியச் சரி பண்ணிட்டீங்களாட்ட இருக்குது?"

ஆமாங்க என்றேன்.

"அப்ப நாளையில இருந்து ரெண்டு அட்டை நல்ல முட்டையாவே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, என் வண்டியை ஒரு மாதிரிப் பார்த்தார்.